மெழுகுவர்த்தி ஏற்றினால் மனிதக் கடத்தல் நின்றுவிடுமா?

வாசகர் கேள்வி, ஜூலை 30

ஒவ்வொரு வருடமும் மனிதக் கடத்தல் எதிர்ப்பு நாளான ஜூலை 30 வந்தால் ஊர்வலம், உறுதிமொழி, மெழுகுவர்த்தி, நாலு பேர் சேர்ந்து ஒரு படம். இதனால் இதுவரை ஒரே ஒரு ஆளாவது மீட்கப்பட்டிருக்கிறாரா? விழிப்புணர்வு என்பது செய்கிறவர்களின் மனத்திருப்திக்கு மட்டும்தான் என்பது என் கருத்து. இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

ஜூலை 30, இரவு

நான் இருக்கிறேன். ஏழு வருடமாக அந்த நாலு பேரில் ஒருவனாக நின்று படம் எடுத்துக்கொண்டவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்: கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

ஜூலை 30-ஐ இதற்கான நாளாக ஐ.நா. பொதுச்சபை 2013-ல் அறிவித்தது. இந்த எதிர்ப்புக்கு ஐ.நா. கொடுத்த அடையாளமான நீல இதயச் சின்னம் அதற்கும் முன்பே, 2009-ல் வந்துவிட்டது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு நான் அலைந்த முதல் வருடம் மூன்று பேர் விசாரித்தார்கள். ஒருவர் இதய நோய் முகாமா என்றார். ஒருவர் இன்சூரன்ஸா என்றார். மூன்றாமவர் காதல் தோல்வியா என்றார்.

ஊர்வலத்தால் மீட்கப்பட்ட ஒரு ஆளைக் காட்டு என்றால் என்னால் முடியாது. ஆனால் ஒன்று நடந்தது. ஒரு கூட்டத்தில் பேசி முடித்துவிட்டு, பின்னால் மாட்டியிருந்த சுவரொட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இருட்டு அறை, சங்கிலி பூட்டிய இரண்டு கைகள், மூலையில் ஒரு பெண்ணின் பாதி முகம். வழக்கமான படம்தான். ஒரு அம்மா வந்து, தானாகவே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுருட்ட உதவினார். சுருட்டிக்கொண்டே கேட்டார்:

"தம்பி, எங்க வீட்டுக்காரரை யாரும் சங்கிலி போட்டுக் கட்டல. ஆனா பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வெச்சிக்கிட்டாராம். அஞ்சு மாசமா சம்பளம் இல்ல. ஊருக்குப் போறேன்னா, கூட்டிட்டு வந்த செலவைக் கட்டிட்டுப் போன்னு சொல்றாராம். இது நீங்க பேசினதுல வருமா, வராதா?"

வரும். அதுவேதான். ஆனால் நான் முக்கால் மணி நேரம் பேசியதில் பாஸ்போர்ட் என்ற சொல்லே கிடையாது. சம்பளம் என்ற சொல்லும் கிடையாது. இருள், கண்ணீர், சங்கிலி, நரகம் எல்லாம் இருந்தது.

தூதரகத்தில் மனு கொடுத்து அவர் ஊர் வந்து சேர நான்கு மாதம் ஆனது. சம்பளப் பாக்கி இன்னும் வரவில்லை. என் பேச்சால்தான் வந்தார் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்தச் சுவரொட்டியை மட்டும் நம்பியிருந்தால் அந்த அம்மா என்னிடம் கேட்டே இருக்க மாட்டார்.

ஜூலை 31, காலை

படுத்த பிறகு ஒன்று தோன்றியது. பாதிக் குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. தங்கம் கடத்தினான் என்கிறோம். பிள்ளையைக் கடத்தினான், விமானத்தைக் கடத்தினான், ஏன், பொழுதைக் கடத்தினான் என்றுகூடச் சொல்கிறோம். இத்தனைக்கும் ஒரே சொல்! அதனால் 'மனிதக் கடத்தல்' என்றதும் கண்ணில் நிற்பது வாயைப் பொத்தித் தூக்கிப்போகும் முகமூடி ஆசாமி. இல்லாவிட்டால் படகில் எல்லை தாண்டும் கூட்டம்.

ஐ.நா. 2000-ல் ஏற்ற பலெர்மோ நெறிமுறை என்கிற பன்னாட்டு ஒப்பந்தம் இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. என்ன செய்தார்கள், எந்த வழியில் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள். ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, வாங்கிக்கொள்வது எல்லாம் முதலாவதில் வரும். மிரட்டல், பலாத்காரம், ஏமாற்று, ஒருவருடைய வேறு வழியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது போன்றவை இரண்டாவது. மூன்றாவது சுரண்டல். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இரண்டாவதை நிரூபிக்கவே வேண்டாம். சுரண்டுவதற்காக எந்த வழியில் கூட்டிப்போனாலும் குற்றம்தான். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது. எல்லை தாண்ட வேண்டும் என்பதும் இல்லை, பக்கத்துத் தெருவிலேயே நடக்கலாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஆளைக் கள்ளத்தனமாக எல்லை தாண்டவிடுவது வேறு. அதற்குத் தனி நெறிமுறையே இருக்கிறது, அதுவும் 2000-ல் வந்ததுதான். அங்கே எல்லையைத் தாண்டியதும் கணக்கு முடிந்தது. இங்கே அதற்கப்புறம்தான் கணக்கே ஆரம்பம். நடுவழியில் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுவதும் உண்டு.

'ஆசை காட்டி மோசம் செய்வது' என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். பலெர்மோ நெறிமுறையில் பக்கம் பக்கமாக எழுதியதில் பெரும்பங்கு அந்த நாலு சொல்லில் இருக்கிறது. மனித வணிகம் என்று எழுதினால் இன்னும் தெளிவாக இருக்கும் என்று படுகிறது. இனி நான் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

ஜூலை 31, மதியம்

ஒரு திருத்தம். ஏழு வருடம் இல்லை, ஆறு. ஒரு வருடம் மழை வந்து, ஊர்வலம் போகாமலே படம் மட்டும் எடுத்துக்கொண்டு கலைந்தோம், அதையும் கணக்கில் சேர்க்காதே என்கிறார் வீட்டில். பதிவில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 1

"முன்பின் தெரியாதவர்களை நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. சில சமயம் அதுவே கெடுதல்.

பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழக்குத் தரவுகளில், சிக்கிய குழந்தைகளில் சுமார் 41 விழுக்காட்டினர் விஷயத்தில் குடும்பத்தினருக்கோ உறவினருக்கோ பங்கு இருந்தது. தெரியாதவனைக் கண்டு பயந்த பிள்ளை தெரிந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

இன்னொரு 41-ம் இருக்கிறது, தட்டச்சுப் பிழை இல்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் 2022 அறிக்கை சொல்வது: தப்பி வந்தவர்களில் 41 விழுக்காட்டினர் தாங்களாகவே முயன்று அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தவர்கள். கதவை உடைத்துக்கொண்டு யாரோ வந்து மீட்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பலர் தாங்களே கதவைத் திறந்துகொண்டு வருகிறார்கள். வந்து நிற்கும்போது எதிரே யார் இருக்கிறார், அவர் முதலில் என்ன கேட்கிறார் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். கணினி படித்தவன். கூடப் படித்தவனே சொல்லிவிட்ட வேலை. பாங்காக்கில் வாடிக்கையாளர் சேவை, தங்குமிடம் உண்டு, டிக்கெட்டையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு கார் நின்றது. கார் நகரத்துக்குள் போகாமல் மேற்கே போய்க்கொண்டே இருந்தது. மே சோட் என்கிற எல்லை ஊர், மோய் ஆறு, ராத்திரியில் ஒரு படகு. அக்கரை மியான்மர். அந்த ஆறு அப்படியொன்றும் அகலம் இல்லையாம், அக்கரையில் பேசுவது கேட்குமாம். யாரும் அவனைத் தூக்கிப்போகவில்லை. தன் பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டுதான் போனான்.

ஆகஸ்ட் 2

கறுப்பு வேனில் வந்து பிள்ளைகளைத் தூக்கிப்போகிறார்கள் என்று சுற்றும் செய்தியைக் கீழே ஒருவர் ஒட்டியிருக்கிறார். நீக்கிவிடுங்கள் ஐயா. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள், தெரியும். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

2018-ல் இந்தியாவின் பல மாநிலங்களில் 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் பரவியது. வழி கேட்டவர், மொழி தெரியாதவர், குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தவர் என்று அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். கூடவே சுற்றிய ஒரு வீடியோ: பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பையனை அள்ளிக்கொண்டு பறக்கிறார்கள். அந்த வீடியோ எங்கிருந்து வந்தது தெரியுமா? கராச்சியில் எடுத்த ஒரு குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே பைக் திரும்பி வந்து பையனை இறக்கிவிடும். ஒரு பிள்ளையைத் தூக்கிப்போக ஒரு நொடி போதும் என்று ஓர் அட்டையையும் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். மிச்சத்தை ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஜூலையில்தான், ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கேள்வி கேட்டவருக்கு: விழிப்புணர்வு ஒன்றும் செய்யாது என்றீர்களே. செய்யும். இப்படியும் செய்யும்.

படிப்பறிவில்லாத ஜனம் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில் அமெரிக்காவில், ஓர் இணைய அறைகலன் கடை அலமாரி என்ற பெயரில் குழந்தைகளை விற்கிறது என்று ஒரு புரளி கிளம்பியது. அலமாரிக்கு விலை அதிகமாகப் போட்டிருந்ததுதான் ஆதாரம். உதவி எண்ணுக்கு அழைப்பு குவிந்து, உண்மையில் உதவி தேவைப்பட்டவர்களைக் கவனிப்பதே சிரமமாகிவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பேச ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு பேருந்து நிலையத்தில் ஒருவர் நாலு வயதுப் பெண் குழந்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். குழந்தை வீறிட்டு அழுகிறது. இவர் சட்டை கசங்கி, தாடியோடு, ஒரு மாதிரி இருந்தார். நான் போய்க் குறுக்கே நின்றுவிட்டேன். "யார் இந்தக் குழந்தை?" நல்ல சத்தமாகக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். அவர் கைப்பேசியில் குடும்பப் படத்தைத் தேடுகிறார். கை நடுங்கி நடுங்கி வேறு வேறு படமாக வருகிறது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, "அப்பா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டது. பலூன் பறந்துபோனதற்கு அழுதிருக்கிறது.

கூட்டத்தில் ஒருவர் ஏற்கெனவே அவர் காலரைப் பிடித்திருந்தார். நான் இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால்? அன்றைக்கு என் சட்டையில் நீல இதயம் குத்தியிருந்தது.

ஆகஸ்ட் 2, இரவு

"அப்போ கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?" இல்லை. முகத்தைப் பார்க்காதீர்கள், தாடியைப் பார்க்காதீர்கள் என்கிறேன். பார்க்க வேறு விஷயங்கள் இருக்கின்றன.

கட்டாய உழைப்புக்கு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. பதினொரு அடையாளங்கள் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் இங்கே ஒப்பிக்கப்போவதில்லை. நான் நேரில் பார்த்தவரைக்கும் முதலில் கண்ணில் படுவது இவைதான்: அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ அவரிடம் இல்லை, வேறு யாரோ 'பத்திரமாக' வைத்திருக்கிறார். சம்பளம் 'கணக்கில் இருக்கிறது'. ஒரு கடன், எவ்வளவு உழைத்தாலும் குறையாது. தனியாக வெளியே போக முடியாது. நீங்கள் அவரிடம் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்கிறார். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள், ஒரு தரம் பார்த்துவிட்டால் மறக்காது.

சந்தேகம் வந்தால் நீங்களே உள்ளே நுழைந்து வீரம் காட்ட வேண்டாம். நீங்கள் கிளம்பிய பிறகு அடி வாங்குவது உள்ளே இருப்பவர். இடம், நேரம், வண்டி எண், என்ன பார்த்தீர்கள் என்று எழுதிவைத்து உங்கள் நாட்டு உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். அவரிடம் தனியாகப் பேச வாய்த்தால் "நீ அடிமையா?" என்றெல்லாம் கேட்காமல், "சம்பளம் உன் கைக்கு வருதா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விடுங்கள். கேட்டது ஞாபகத்தில் இருக்கும்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னொன்று. வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ஐ.எல்.ஓ.வின் 1997 உடன்படிக்கையிலேயே பொது விதியாக இருக்கிறது. அதனால் நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வது: பணம் கேட்டால் சந்தேகப்படு.

ஆகஸ்ட் 3

ஆமாம், 'மனித வணிகம்' என்று எழுதுவதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு தரம்கூட அப்படி எழுதவில்லை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. சொல்லை மாற்றுவது இவ்வளவு கஷ்டம்.

ஆகஸ்ட் 5

"சரித்திரத்தில் எப்போதாவது விழிப்புணர்வால் ஏதாவது நின்றிருக்கிறதா?" நல்ல கேள்வி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில்தான் போனது.

பிரிட்டனில் அடிமை வணிகத்துக்கு எதிராக 1780-களின் கடைசியில் கிளம்பிய இயக்கத்தைப் பாருங்கள். 1791-ல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் தோற்றதும், அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்க மாட்டோம் என்று வீடு வீடாக முடிவெடுத்தார்கள். மூன்று லட்சம் பேர் விட்டார்கள் என்பது அந்தக் கால மதிப்பீடு. வாக்குரிமையே இல்லாத பெண்கள் தங்கள் சமையலறையில் எடுத்த முடிவு அது. வணிகம் 1807-ல் தடை செய்யப்பட்டது. அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தது. அதற்கு இழப்பீடு 2 கோடி பவுண்டு, கொடுத்தது அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. விழிப்புணர்வு வேலை செய்ததா என்றால், செய்தது. யாருக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கணக்கு.

ஆனால் என்னை நிறுத்தியது ஒரு படம். புரூக்ஸ் என்கிற அடிமைக் கப்பலின் வரைபடம், 1788-ல் பிளிமத் ஊர்க் குழு அச்சிட்டது. மேலிருந்து பார்த்தால் கப்பலின் தளம். அதில் வரிசை வரிசையாகப் படுத்த மனித உருவங்கள். அந்தக் கப்பலுக்குச் சட்டம் அனுமதித்த எண்ணிக்கை 454. அதற்கு முன் அதே கப்பல் 600 பேருக்கு மேல் ஏற்றிப்போயிருக்கிறது. கண்ணீர் இல்லை, சாட்டை இல்லை. ஒரு தச்சன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வரைபடம் மாதிரி இருக்கிறது. அலமாரியில் பொருள் அடுக்குவது எப்படி என்று காட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. பார்த்தவர்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது.

நம் சுவரொட்டியைப் பார்த்தால் 'ஐயோ பாவம்' என்று தோன்றும். அந்த வரைபடத்தைப் பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். நான் ஆறு வருடமாகத் தப்பான படத்தை மாட்டிக்கொண்டிருக்கிறேனோ?

ஆகஸ்ட் 9, இரவு 1 மணி

ஆகஸ்ட் 1-ல் 'எனக்குத் தெரிந்த ஒரு பையன்' என்று எழுதியிருந்தேன். அவன் என் சித்தி மகன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன்.

அவனுக்கு வந்த வேலைக் கடிதத்தை முதலில் படித்தது நான்தான். சித்தி கொண்டுவந்து கொடுத்தார். "நீதான் இதெல்லாம் பேசுறவனாச்சே, பார்த்துச் சொல்லுப்பா." பார்த்தேன். கம்பெனிக்கு வலைத்தளம் இருந்தது. கடிதத்தில் எழுத்துப் பிழை இல்லை. பணம் எதுவும் கேட்கவில்லை, டிக்கெட்டே அவர்கள் செலவு. நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லித்தந்த விதிப்படி சுத்தமான கடிதம். "நல்ல இடமாத்தான் தெரியுது சித்தி" என்றேன்.

ஒரு வாரம் முன்னால் இங்கே 'பணம் கேட்டால் சந்தேகப்படு' என்று எழுதியபோதும் இது ஞாபகம் இருந்தது. இருந்தும் எழுதினேன். பணம் கேட்காவிட்டாலும் சந்தேகப்படு என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மாதம் அங்கே இருந்தான். ஒரு அழகான பெண்ணின் படத்தை வைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கோ தனியாக இருக்கும் யாரிடமோ அன்பாகப் பேசிப் பேசி, முதலீடு செய்யவைத்துப் பணத்தைக் கறக்க வேண்டும். என்ன பேசுவது என்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். நாளுக்கு இத்தனை பேர் என்று இலக்கு. தவறினால் அபராதம், அது கடனில் ஏறும். அதற்கு மேல் நடந்ததை அவன் சொன்னான். நான் இங்கே எழுதப்போவதில்லை.

2025 பிப்ரவரியில் மியான்மர் எல்லை ஊரான மியாவடி பக்கம் அந்த மோசடி மையங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே கொண்டுவரப்பட்டார்களே, அதில் இவனும் வந்தான். வந்த அன்று வீடு நிறைய ஆள். முதல் கேள்வி, "எவ்வளவு சேத்தே?" இரண்டாவது, "போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கா?" அடுத்த நாளிலிருந்து சித்தி எல்லோரிடமும் சொல்வது: "அங்க தண்ணி ஒத்துக்கல, ஜுரம், அதான் வந்துட்டான்." நானும் கூடவே நின்று தலையாட்டினேன். ஆட்கடத்தல் விழிப்புணர்வு பேசுகிறவன்.

ஆகஸ்ட் 10

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. அது எனக்கு வேண்டாம்.

"பேராசைப்பட்டுப் போனான், நாலு பேரை ஏமாற்றியும் இருக்கிறான், அவன் எப்படிப் பாதிக்கப்பட்டவன் ஆவான்?" என்று எழுதியவருக்கு. நல்ல சம்பளம் வேண்டும் என்று நினைப்பதற்குப் பேராசை என்று பெயர் இல்லை. இந்த மையங்களில் சிக்கியவர்கள் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. அவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்கள் என்றும் சொன்னது. எதையும் நம்புகிற அப்பாவிதான் சிக்குவான் என்பது நாம் நம்மைத் தேற்றிக்கொள்ளச் சொல்வது.

கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்குச் சிக்கியவரையே தண்டிக்காமல் விட வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மன்றத்தின் 2005 உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் அவனிடம் பணத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு அம்மாவின் பெயரை அவன் தூக்கத்தில் சொல்கிறான். இதற்கு எந்த உடன்படிக்கையில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

"திரும்பி வந்தவர்களுக்கு நாம் என்னதான் செய்வது?" பொதுவாகச் சொல்லத் தெரியவில்லை. இவன் விஷயத்தில் எது உதவியது, எது உதவவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

உதவாதது: பொன்னாடை. நிஜமாகவே ஒரு சங்கத்தார் வந்து பொன்னாடை போர்த்தி, மேடையில் கதை சொல்லச் சொன்னார்கள். சொல்லிவிட்டு வந்து இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. இதுவும் உதவாதது: நான். "நடந்ததை எல்லாம் எழுதிவை, புகாருக்கு வேணும்" என்று தினமும் போய் நின்றேன்.

உதவியது: ஒரு அச்சகக்காரர். கணினி படித்தவன் என்று டைப் அடிக்கும் வேலை கொடுத்தார். விசைப்பலகை முன் உட்கார்ந்ததும் இவனுக்கு வியர்க்கிறது. கைப்பேசியில் செய்தி வந்த சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறான். அங்கே அந்தச் சத்தம் வந்தால் உடனே பதில் போட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அச்சகக்காரர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காகிதம் வெட்டும் பக்கம் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கடைக்குள் அவருடைய கைப்பேசியும் சத்தம் போடுவதில்லை. சம்பளம் வாரா வாரம், எண்ணிக் கையில். மாதச் சம்பளம் என்று முதலில் சொன்னவர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாரமாக மாற்றினாராம்.

அவர் எங்கள் ஊர்வலம் எதற்கும் வந்ததில்லை. அழைப்பிதழ் அடித்துக் கொடுப்பார், அதோடு சரி.

போகும் முன்பே வீட்டில் இருந்த கடன் அப்படியே இருக்கிறது. வட்டியும் ஏறியிருக்கிறது. அதுதான் பெரிய பயம், ஏனென்றால் கடன் இருக்கும்வரை இன்னொரு கடிதம் வரும், அதுவும் நன்றாகத்தான் தெரியும். கட்டாய உழைப்பிலிருந்து வருடத்துக்கு 236 பில்லியன் டாலர் சட்டவிரோத லாபம் என்று ஐ.எல்.ஓ. 2024-ல் கணக்குச் சொன்னது. அவ்வளவு லாபம் இருக்கிற தொழிலில் ஆள் பிடிக்கிறவனுக்கு நேரமும் பொறுமையும் நிறைய. எங்கள் குழுவில் இருந்த கொஞ்சம் பணத்தை இந்த வருடம் மெழுகுவர்த்திக்குச் செலவழிக்காமல், கடன்காரரிடம் உட்கார்ந்து பேசி வட்டியை நிறுத்தினோம். கேள்வி கேட்டவர் சந்தோஷப்படலாம்.

ஆகஸ்ட் 24

புதுச் சுவரொட்டி தயார். அச்சகக்காரர் வெட்டிக் கொடுத்தார், மூலை கொஞ்சம் கோணல்.

புரூக்ஸ் படம் பார்த்ததிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியிடம் கேட்டேன், அந்தக் கடிதத்தையே பெரிதாக அடித்து மாட்டினால் என்ன? ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி வந்து, "பேரை மட்டும் அழிச்சிடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, என் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தான்.

அலுவலக முகவரி இருந்தது; வேலை செய்யும் இடம் எங்கேயும் இல்லை. வட்டம். சுற்றுலா விசாவில் வந்தால் போதும், அனுமதியை அங்கே மாற்றிக்கொள்ளலாம். வட்டம். ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் பயணச் செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும். இதற்கு இரண்டு வட்டம். மூன்றையும் நான் அன்றைக்குப் படித்திருக்கிறேன். எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்ததில் கண்ணில் படவில்லை.

கடைசியாக ஓரத்தில், கடிதத்தில் இல்லாத ஒன்றை எழுதினான். "இன்டர்வியூவில் வேலையைப் பற்றி ஒரு கேள்வி. வீட்டில் எவ்வளவு கடன் என்று மூன்று கேள்வி."

நேற்று ஒரு கல்லூரி வாசலில் மாட்டினோம். அவன் மேடைப் பக்கம் வரவில்லை, கதவருகே கடைசி நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டான். கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் சுவரொட்டி முன் ரொம்ப நேரம் நின்றிருந்தாள். அப்புறம் என்னிடம் வந்து கைப்பேசியை நீட்டினாள். "சார், எங்கண்ணனுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு, பார்த்துச் சொல்றீங்களா?"

நான் வாங்கவில்லை. கதவுப் பக்கம் கையைக் காட்டினேன். அவன் வாங்கி, முதலில் சத்தத்தை அணைத்தான். மேலும் கீழும் இரண்டு தரம் தள்ளிப் படித்துவிட்டு நிமிர்ந்து அவளைக் கேட்டான்:

"இன்டர்வியூல என்ன கேட்டாங்க?"